எலும்பும் தோலும்

நம் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவே, ஒரு சாக்பீஸ் பெட்டி இருக்கிறது. அதற்குள் பஞ்சு, பஞ்சின் மேல் ஒரு பல். மனிதனுடைய கடைவாய்ப் பல். அது ஆண்பிள்ளையின் பல்லா, பெண்பிள்ளையின் பல்லா, எத்தனை நூற்றாண்டுக்கு முன் எதை மென்று தேய்ந்தது என்றெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. ஒரு கேள்விக்கும் நம்மால் விடை சொல்ல முடிவதில்லை. விடை தெரியாமற் போனதற்கு யார் காரணம் என்று மட்டும் இதுவரை எவரும் கேட்டதில்லை. கேட்டால் தயங்காமல் சொல்லிவிடலாம்: நாமேதான்.

சுமார் பதினைந்து வருஷங்களுக்கு முன் நடந்த சங்கதி. ஆம்பூருக்கு வெளியே, மலையடிவாரத்தில், ஒரு மேட்டு நிலத்தைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நம்மிடம் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் திங்கட்கிழமைக் காலையில் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"சார், எங்க ஊட்டாண்ட மண்ணு வாரிக்கினு இருக்காங்க. பானை பானையா வருது சார். எல்லாத்தையும் ஒடச்சிட்டாங்க. உங்களுக்குன்னு எடுத்தாந்தேன்."

பிரித்துப் பார்த்தோம். உட்புறம் கறுப்பும் வெளிப்புறம் சிவப்புமான பானை ஓடுகள். கைபட்டால் பொடியாகும் எலும்புத் துண்டுகள். அவற்றோடு இந்தப் பல். கறுப்பு சிவப்பு ஓடு என்றால் இரும்புக் காலத்துச் சரக்கு, ஈராயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது என்ற அளவுக்கு நமக்கு அப்போதே தெரியும். சர்வகலாசாலைப் பட்டம் வேறு வாங்கியிருந்தோம் அல்லவா? ஆகவே அறிவாளி ஒருவன் எப்படி நடந்துகொள்வானோ அப்படியே நடந்துகொண்டோம். பல்லை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டோம். பழைய பிரஷ்ஷில் பற்பொடியைத் தொட்டுத் தேய்த்தோம். வேரோரத்தில் மஞ்சளாக ஒட்டியிருந்த காரையைக் குண்டூசியால் சுரண்டி எடுத்தோம். பளபளப்புக்காக நிறமில்லாத நகப்பூச்சையும் ஒரு கை பூசினோம். "ஆதிமனிதனின் பல்" என்று அட்டையில் எழுதிப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைத்ததற்கு இரண்டாம் பரிசுகூடக் கிடைத்தது!

வீட்டில் மட்டும் பாராட்டுக் கிடைக்கவில்லை. "யாரோ செத்தவங்க பல்லை வீட்டுக்குள்ள கொண்டாந்து வைப்பாங்களா? தலைமுழுகிட்டு உள்ளே வாங்க" என்று கட்டளை பிறந்தது. அதைக் கொண்டுவந்த பையனுக்கோ அத்தகைய கூச்சம் துளியும் இல்லை. அவனுடைய தகப்பனார் ஒரு தோல் ஷாப்பில் பச்சைத் தோலின் உட்புறத்துச் சதையை வழிக்கும் வேலையில் இருந்தார். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுக உள்ள ஊர்களில் எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுவது அந்த வேலைதான். அந்தச் சோற்றால் பெருகிய பணத்தைத் தொடுவதற்கு நம்மில் எவரும் கூசுவதில்லை. அந்தக் கையைத் தொடுவதற்கு மட்டும் நெடுங்காலம் கூசினோம். இது நிற்க.

இப்போது சொல்லப்போகும் விஷயத்துக்கு அந்தத் தோல் ஷாப்பே சரியான வாசல். செத்த உடம்பில் எது அழிகிறது, எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதை நம் ஊர்த் தொழிலாளி கையால் அறிவான். தோலை அப்படியே போட்டால் இரண்டு நாளில் நாறிப் போகும். உப்பிட்டால் சில வாரம் தாங்கும். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரை நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் போட்டுவைத்தால், தலைமுறைக்கும் கெடாத தோல் ஆகிறது. பட்டையிலுள்ள துவர்ச்சத்து தோலின் நார்களை இறுகப் பிணைத்துக் கிருமிகள் தின்ன முடியாதபடி செய்துவிடுகிறது. அந்த நாரின் பெயர் கொலாஜன். வேடிக்கை என்னவென்றால், நமது எலும்பின் உள்ளே ஓடுவதும் அதே கொலாஜன்தான். எலும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஏறத்தாழ இந்த நாரும் அதைச் சார்ந்தவையும். மீதி சுண்ணாம்புச் சத்து. கட்டிடக்காரர்கள் கம்பியைப் பின்னிச் சிமிட்டியைக் கொட்டுகிறார்களே, அந்த மாதிரி.

இந்த நாரின் அமைப்பைக் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பட்டணத்தில் இருந்தவர்கள் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் நாம் இரைந்து சொல்வது வழக்கம். 1952-ல் இங்கிலாந்து விஞ்ஞானி பெர்னால் சென்னைக்கு வந்தபோது கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். சென்னை சர்வகலாசாலையில் பௌதிகம் போதித்த ஜி. என். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். 1948-ல் ஏற்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அடுத்த மனையில் இருந்தது சௌகரியமாயிற்று. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால்நரம்பை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்து, மூன்று இழைகள் கூந்தல் பின்னல்போல முறுக்கிக்கொண்டு கிடப்பதே கொலாஜன் என்று 1954, 1955 ஆகிய வருஷங்களில் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். தோல் பதனிடுகிறவனுக்கும் புதைபொருள் ஆராய்ச்சிக்காரனுக்கும் பொதுவான சொத்து அந்தப் பின்னல்.

அதெப்படிப் பொதுச் சொத்தாகும் என்று கேட்கலாம். 1950-ம் வருஷம் மே மாதத்தில் டென்மார்க் தேசத்துச் சதுப்பு நிலம் ஒன்றில் எரிப்பதற்காகக் கரிமண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மனிதனின் சவத்தைக் கண்டார்கள். தாடியின் முள் தெரிகிறது, நெற்றிச் சுருக்கம் தெரிகிறது, கழுத்திலே தோல்கயிறு. அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துப் போலீசுக்கு ஆள் அனுப்பினார்கள். ஆராய்ந்து பார்த்ததில் அவன் செத்து இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது! அவன் கடைசியாக உண்டது பார்லிக் கஞ்சி என்பதும் வயிற்றிலிருந்து தெரிந்தது. அந்தச் சதுப்பில் வளரும் பாசியின் புளிப்புச் சத்து அவனுடைய தோலைப் பதனிட்டுவிட்டது. நமது ஆவாரம்பட்டைத் தொட்டியில் நடப்பதற்கு மிக நெருங்கிய காரியம். ஆனால் அதே புளிப்பு எலும்பின் சுண்ணாம்பைக் கரைக்கிறது. இத்தகைய சவங்களில் தோல் மிஞ்சும், எலும்பு மெலிந்துபோகும்.

நமது தமிழ்நாட்டில் நேர்மாறு. இங்கே தோல் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எலும்பு மிஞ்சினாலும் அதற்குள் இருக்கும் கொலாஜன் மிஞ்சுவது அபூர்வம். சித்திரை வெயிலில் மண் வெந்து, ஐப்பசி மழையில் ஊறி, மறுபடி வெந்து, மறுபடி ஊறி, மூவாயிரம் தடவை இப்படி நடந்தால் எந்த நார் தாங்கும்? எலும்பின் வயதைக் கரி அணுக்களைக் கொண்டு கணக்கிட வேண்டுமானால் இந்தக் கொலாஜன்தான் வேண்டும். அது இல்லாததால் நமது தாழிகளின் வயதை நெல்லையும் அடுப்புக்கரியையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தூத்துக்குடி ஜில்லாச் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதித்ததில் கி.மு. 1155 என்று கணக்கு வந்த செய்தி 2021-ம் வருஷம் சட்டசபையிலேயே அறிவிக்கப்பட்டது. செத்தவருக்கு வழித்துணையாக யாரோ போட்டுவைத்த ஒரு பிடி நெல், செத்தவருக்கே சாட்சி சொல்லவேண்டி வந்தது.

மரபணுவின் கதை இதைவிடக் கஷ்டம். ஹரியானாவில் ராகிகடி என்னும் சிந்துவெளி நகரத்து இடுகாட்டில் எடுத்த 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்தார்கள். உருப்படியாக மரபணு கிடைத்தது ஒரே ஒருவரிடத்தில். அவர் ஒரு பெண். 2019-ல் அந்த முடிவு வெளியாயிற்று. அறுபத்தொன்றில் ஒன்று! அதுவும் காதுக்குள்ளே, உடம்பிலேயே மிகவும் இறுகியதாகிய ஒரு சிறு எலும்பிலிருந்து. மண்டையோட்டைக் கைதவறிப் போட்டுவிட்டுப் பசையால் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் காதெலும்பை எவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தின் கதையை ஆதிச்சநல்லூர் சொல்லும். தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் பரப்புள்ள பரம்பு. 1876-ல் பெர்லினிலிருந்து ஜாகோர் என்பவர் வந்து தோண்டினார். கிடைத்தவற்றைக் கப்பலேற்றிக்கொண்டு போனார். 1899 முதல் 1905 வரையில் சர்க்கார் புதைபொருள் இலாகாவின் அலெக்ஸாண்டர் ரீ தோண்டினார். நடுவில் பாரிஸிலிருந்து லாப்பிக் என்னும் பிரெஞ்சுக்காரர் வந்து தமது பங்கையும் எடுத்துப் போனார். ரீ துரை ஒழுங்கான மனிதர். கிடைத்த சாமான்களுக்கெல்லாம் 1915-ல் பட்டியல் வெளியிட்டார். வெண்கல எருமையும் சேவலும், இரும்பு வாளும் ஈட்டியும், நெற்றியில் கட்டும் மெல்லிய பொன்பட்டமும் பக்கம் பக்கமாக அதில் வருகின்றன. எழும்பூர்க் காட்சிசாலையில் அவற்றைக் காணலாம். அந்தப் பட்டத்தைக் கட்டிக்கொண்டிருந்த நெற்றிக்குச் சொந்தக்காரர்கள் எங்கே என்று தேடினால், காட்சிசாலைக்கு வந்து சேர்ந்த மண்டையோடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ரீயைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. பற்பொடி போட்டு விளக்கியவரல்லவா நாம்?

கிடைத்த சில மண்டையோடுகளை ஸாலி ஸக்கர்மன் என்ற இளம் உடற்கூற்று நிபுணர் ஆராய்ந்து 1930-ல் சென்னை மியூசியத்தின் பிரசுரமாக வெளியிட்டார். அக்காலத்து வழக்கப்படி, நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, மூக்குத்துளை எவ்வளவு என்று அளந்து, இது இன்ன ஜாதி மண்டை, அது இன்ன ஜாதி மண்டை என்று பாகுபாடு செய்யும் வித்தை அது. உலகம் முழுவதும் அந்த வித்தை நடந்தது; அதை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் என்னென்ன கொடுமைகள் நடந்தன என்பதும் நேயர்களுக்குத் தெரியும். ஒரே குடும்பத்துக்குள்ளேயே நீள்மண்டையும் உருண்டைமண்டையும் பிறக்கும் என்பதும், உணவும் வளர்ப்பும் மண்டையின் உருவத்தை மாற்றும் என்பதும் பிற்பாடு தெளிவாகி அந்த வித்தை மதிப்பிழந்தது. ஆனால் ஆசை மதிப்பிழக்கவில்லை. தாழியைத் திறந்ததும் "நம்மவரா, அயலாரா?" என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் அதிகம். தேசாபிமானத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. இருந்தாலும், மூவாயிரம் வருஷம் வாய்மூடிக் கிடந்தவரை எழுப்பி நமது கட்சிக்குச் சாட்சி சொல்லச் சொல்வது மரியாதையாகப் படவில்லை. அவரைக் கேட்க வேறு எவ்வளவோ நல்ல கேள்விகள் இருக்கின்றன.

எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்ப்போம். முதலில் தோண்டுவதே இல்லை, நடக்கிறார்கள். வட்டமாக நட்ட கற்கள் உண்டா, பலகைக் கற்களை நிறுத்தி மூடிபோட்ட கல்திட்டை உண்டா, மழை அரித்த ஓடையில் தாழியின் விளிம்பு தெரிகிறதா என்று பார்த்துப் படம் எழுதுகிறார்கள். நமது பக்கத்தில் இவற்றைப் "பாண்டவர் குழி" என்பார்கள். தெற்கே போனால் "மதமதக்கத் தாழி" என்று ஒரு கதை சொல்வார்கள்: முற்காலத்தில் மனிதர்களுக்குச் சாவே கிடையாதாம், வயது ஏற ஏறச் சுருங்கிப் பூனைக்குட்டி அளவாகிவிடுவார்களாம், வீட்டார் அவர்களைத் தாழியில் வைத்து, சோறும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். கேட்பதற்கு விளையாட்டாக இருந்தாலும், எலும்புக்குப் பக்கத்தில் சோற்றுப் பானையும் அகலும் இருப்பதைக் கண்டவன்தான் இப்படி ஒரு கதையைக் கட்டியிருக்க முடியும். புறநானூற்றிலே கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்லிக் குயவனை வேண்டும் பாட்டு ஒன்று உண்டு. அது கதை அல்ல, வழக்கம் என்பதற்குப் பரம்பில் எத்தனையோ தாழிகள் சாட்சி.

இடம் குறித்தபின் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரிக்கிறார்கள். சதுரங்களுக்கு இடையே வரப்பு மாதிரி ஒரு சுவரை வெட்டாமல் விடுகிறார்கள். அந்தச் சுவரில்தான் மண்ணின் அடுக்குகள் தெரியும். எந்தக் குழி எந்த அடுக்கிலிருந்து வெட்டப்பட்டது என்பதை அங்கேதான் படிக்கலாம். ஸர் மார்ட்டிமர் வீலர் 1944-ல் தக்ஷசீலத்தில் நம்மவர்களைக் கூட்டி வைத்துக் கற்பித்ததும், 1947-ல் பிரம்மகிரியில் செய்து காட்டியதும் இதுதான். நமது திருப்பத்தூர் ஜில்லாவின் பையம்பள்ளியில் 1964 முதல் 1968 வரையில் எஸ். ஆர். ராவ் தோண்டியபோது, கீழே மெருகிட்ட கற்கோடாரிக்காரர்களும் மேலே இரும்புக்காரர்களும் ஒருவர்மேல் ஒருவர் குடியிருந்த வரிசை தெரிந்தது இந்த முறையினால்தான். மண்வெட்டியால் வாரியிருந்தால் இரண்டும் கலந்து ஒரே குப்பையாகியிருக்கும்.

தாழி தென்பட்டதும் கொத்துக்கரண்டியும் போய்விடுகிறது. மூங்கில் சிம்பும் தூரிகையும் வருகின்றன. எலும்பில் இரும்பு பட்டால் கீறல் விழும். கீறல் விழுந்தால் பிற்பாடு பார்க்கிறவர் இது கத்திக்குத்தோ என்று மயங்குவார். கீழடி முதலிய இடங்களில் இந்த வேலையைச் செய்கிறவர்களில் பலர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். நாற்று நட்ட விரல்களுக்கு மண்ணின் இறுக்கமும் தளர்ச்சியும் நம்மைப் போன்றவர்களைவிட நன்றாகத் தெரியும் என்பதில் சந்தேகமில்லை. ஒவ்வொரு எலும்பும் கிடந்த இடம், ஆழம், திசை எல்லாவற்றையும் படமெழுதி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்த பிறகே அசைக்கிறார்கள். சில தாழிகளை உள்ளே இருக்கும் மண்ணோடு தூக்கிக்கொண்டுபோய் ஆய்வுக்கூடத்தில் சாவகாசமாகப் பிரிக்கிறார்கள். அந்த மண்ணையும் சலிக்கிறார்கள். குழந்தையின் விரலெலும்பு கொத்துமல்லி விதையைவிடச் சற்றே பெரிதாயிருக்கும். இடுப்பெலும்பு கிடந்த இடத்து மண்ணைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். செத்தவரின் குடலிலிருந்த பூச்சிகளின் முட்டை அதில் தங்கியிருக்கக்கூடும். மரபணுவுக்கென்று எடுக்கும் துண்டைக் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் தொடுகிறார்கள். இல்லையேல் தோண்டியவருடைய தும்மலையே முன்னோரின் மரபணு என்று பிரகடனம் செய்ய நேரும்!

எலும்புகள் எப்படிக் கிடக்கின்றன என்பதே ஒரு செய்தி. முழங்கால் மடக்கி உட்கார்ந்தபடி மூட்டுக்கு மூட்டு சரியாக இருந்தால் உடம்பை அப்படியே வைத்தார்கள் என்று பொருள். தொடையெலும்புகள் அடியில் கட்டாகவும் மண்டையோடு அவற்றின் மேலுமாக இருந்தால், வேறெங்கோ தசை அழியும்வரை காத்திருந்து, பிறகு எலும்பைப் பொறுக்கி எடுத்துத் தாழியில் இட்டிருக்கிறார்கள். 2004-ல் சத்தியமூர்த்தி தலைமையில் ஆதிச்சநல்லூரில் மறுபடி தோண்டி 160-க்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டபோது இரு வகையும் இருந்தன.

பிறகு ஆள் யார் என்பது. இடுப்பெலும்பின் பின்புறத்து வளைவு அகன்றிருந்தால் பெண், குறுகியிருந்தால் ஆண் என்பது பொதுவிதி, பெரும்பாலும் பொய்க்காது. சிறு பிள்ளைகளின் எலும்பில் இந்த வித்தியாசம் தோன்றியிராது. அவர்களுக்கு வயதை மட்டும் பல்லைப் பார்த்துச் சொல்லலாம். ஆறு வயதில் முதல் கடைவாய்ப் பல், பன்னிரண்டில் இரண்டாவது. தொடையெலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம். கண்குழியின் கூரையில் சல்லடைத் துளைகள் தென்பட்டால் அந்தப் பிள்ளைக்கு இரத்தம் குன்றியிருந்தது என்று ஊகிக்கலாம்.

பல்லின் புகழைத்தான் தனியே பாட வேண்டும். உபாத்தியாயர் வருகைப் பதிவேடு எழுதுகிற மாதிரி, பல் வளரும்போதே எழுதிக்கொண்டு போகிறது. மூன்று வயதில் கடும் காய்ச்சலோ பஞ்சமோ வந்திருந்தால் மேற்பூச்சில் ஒரு பள்ளக்கோடு விழுந்துவிடும். ஆயுள் முழுதும் அழியாது. சிறு வயதில் குடித்த தண்ணீரிலிருந்து வரும் ஸ்ட்ரான்ஷியம் என்ற தாது பல்லில் தங்குகிறது. ஊருக்கு ஊர் பாறை வேறு. பாறைக்குத் தக்கபடி அந்தத் தாதுவின் விகிதமும் வேறு. பல்லின் விகிதமும் புதைத்த ஊரின் விகிதமும் ஒத்துப்போகாவிட்டால், அவர் வேறு சீமையில் பிறந்து இங்கே வந்து மாண்டவர். வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணாயிருக்கலாம். மணி விற்க வந்த வியாபாரியாயிருக்கலாம். எல்லாவற்றிலும் விசேஷம், பல்லோரத்தில் படியும் மஞ்சள் காரை. கல்லாக இறுகிப்போகும் அந்தக் காரைக்குள் அவர் தின்ற தானியத்தின் மாவுத்துகள்கள் சிக்கிக் கிடக்கும். வாயிலிருந்த கிருமிகளின் மரபணுகூட இருக்கும்.

அந்தக் காரையைத்தான் நாம் குண்டூசியால் சுரண்டிக் குழாயடியில் கழுவிவிட்டோம்.

2025-ல் பத்திரிகைகளில் இரண்டு முகங்கள் வெளியாயின. கீழடிக்கு அருகே, அவ்வூராரின் இடுகாடாகக் கருதப்படும் கொந்தகையில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளை மதுரை காமராஜர் சர்வகலாசாலையார் ஸ்கான் செய்து, இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் சர்வகலாசாலையின் முக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே எலும்பின் மேல் தசையும் தசையின் மேல் தோலுமாகக் கம்ப்யூட்டரில் வளர்த்து முகம் ஆக்கினார்கள். மூக்கின் அகலத்துக்கும் தாடையின் வடிவத்துக்கும் எலும்பிலே ஆதாரம் உண்டு. தோலின் நிறத்துக்கும் தலைமயிருக்கும் மண்டையோட்டில் ஆதாரம் இல்லை. அவற்றை இக்காலத்துத் தென்னாட்டாரைப் பார்த்து அமைக்கவேண்டியதாயிற்று. ஆகவே அந்தப் படத்தில் எலும்பு அவர்களுடையது, தோல் நம்முடையது. படத்தை வகுப்பில் காட்டினோம். "சார், எங்க தாத்தா மாதிரியே இருக்காரு" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் எழுந்தது. தோலை எங்கிருந்து எடுத்தார்கள் என்று விளக்கிய பிறகும் தாத்தாவை விட்டுக்கொடுக்க எவனும் தயாராயில்லை.

நிலத்தில் இப்படி ஏதாவது அகப்பட்டால் என்ன செய்வது என்று நேயர்கள் கேட்பார்கள். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் ஒன்று உண்டு. மண்ணில் புதைந்த பழம்பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு அறிவித்தாக வேண்டும் என்கிறது. பானை ஓட்டுக்கும் பல்லுக்கும் பத்து ரூபாய் என்று விலை போடுகிறவர் யார்? ஆகையால் சட்டத்தை எதிர்பாராமல், வேலையை நிறுத்திவிட்டுத் தாசில்தாருக்கோ, நம் பக்கத்தவரானால் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கோ ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எடுக்கக்கூடாது, கழுவக்கூடாது. எடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால், எங்கே இருந்தது என்று ஒரு தாளில் எழுதாமல் எடுக்கக்கூடாது.

சென்ற மாதம் அந்தப் பழைய மாணவனைக் கடைத்தெருவில் கண்டோம். ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராயிருக்கிறான். அந்த நிலம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டதும், "வாங்க சார்" என்று தன்னுடைய மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். மஞ்சள் வர்ணம் பூசிய எல்லைக்கற்களோடு மனைகள் வரிசையாக இருந்தன. வேலியோரத்தில் மட்டும் சமப்படுத்தாமல் விட்ட ஒரு மூலை. அங்கே நாலைந்து உருண்டைக் கற்கள் அரைவட்டமாகக் கிடந்தன. பையிலிருந்த அடிக்கோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, எதையும் தொடாமல் நின்றோம். கோட்டை அருங்காட்சியகத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அன்றிரவே கடிதம் எழுதினோம்.

திரும்பும்போது அவன் கேட்டான்: "அந்தப் பல்லு இன்னும் வெச்சிருக்கீங்களா சார்?"

இருக்கிறது என்றோம். கழுவிய கதையையும் சொன்னோம். கொஞ்ச தூரம் பேசாமல் வண்டியை ஓட்டினான்.

"அது பானைக்குள்ள இல்ல சார். பானைங்க எல்லாம் மேல இருந்துச்சு. கீழ ஒரு பலகைக் கல்லு. அது மேல, மலையப் பாத்த பக்கமா, தாடையோட இருந்துச்சு. தாடை கையில எடுக்கறப்பவே ஒடஞ்சிடுச்சு."

"அப்போதே ஏன்டா சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலையே சார்."

வீட்டுக்கு வந்ததும் அவன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, தேதியிட்டு, மலை எந்தத் திக்கில் இருக்கிறது என்பதையும் குறித்து, நாலாக மடித்துச் சாக்பீஸ் பெட்டியில் பல்லுக்கு அடியில் வைத்தோம்.